கழிவுப் பட்டு ஒத்தடம்

மயிர் பொசுங்குவதுபோல வாடை வந்த பிறகுதான் கிருஷ்ணவேணிக்குக் கவனம் திரும்பியது. தோசைக்கல்லின் மேலிருந்த துணி முடிச்சைச் சட்டென்று எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து, பிறகு தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பொறுக்கக்கூடிய சூடுதான்.

முடிச்சுக்குள் இருந்தது பட்டு நூல் கழிவு. ராட்டையில் சுற்றும்போதும் தறியில் இழை பிணைக்கும்போதும் அறுந்து விழும் துண்டு நூல்களை அந்தத் தெருவில் யாரும் குப்பையில் போடுவதில்லை. பழைய தலையணை உறையில் திணித்து வைத்திருப்பார்கள். கால் சுளுக்கு, கை வீக்கம் என்றால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் துணியில் முடிந்து, கல்லில் காட்டி ஒத்தடம் கொடுப்பார்கள். தவிடு சீக்கிரம் ஆறிவிடும். பட்டு அப்படியில்லை. வாங்கின சூட்டை லேசில் விடாது.

கூடத்தில் தறியை ஒட்டிப் பாயில் மணி படுத்திருந்தாள். பதினோரு வயது. மணியம்மாள் என்று பள்ளிக்கூடத்தில் பெயர். இடது கன்னம் பளபளவென்று சிவந்து, தாடையின் கீழ்ப்பக்கம் வரைக்கும் உப்பியிருந்தது. புதன்கிழமை காலை கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாள். அன்று சாயங்காலமே வீங்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கண் பாதி மூடிவிட்டது.

புதன்கிழமையிலிருந்து இது எத்தனையாவது ஒத்தடம் என்று கிருஷ்ணவேணிக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சைத் தாடைக்குக் கொண்டுபோனாள். மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவடி. வெச்சுக்கினா நல்லாயிருக்கும்."

மணி எழுந்து உட்கார்ந்து, முகவாயை மேலே தூக்கிக்கொண்டு, மடியிலிருந்த துண்டை உதட்டுக்குக் கீழே பிடித்தாள். எச்சில் ஒரு இழையாக நீண்டு துண்டில் இறங்கியது. துண்டு முழுக்க ஈரமாக இருந்தது.

"துப்பிடேன். ஏன் இப்படி ஒழுக வுடற?"

"முழுங்க முடியல சித்தி," என்றாள் மணி. குரல் அவளுடையதாக இல்லை. வாயில் வெந்த கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

கிருஷ்ணவேணியின் கையிலிருந்த முடிச்சு பாயில் விழுந்தது.

இதே கூடத்தில், இதே தறிக்குப் பக்கத்தில், அவளுடைய அக்கா ரேணுகாம்பாள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். முகவாயைத் தூக்கிக்கொண்டு, உதட்டுக்குக் கீழே துண்டைப் பிடித்துக்கொண்டு. அது ஐந்தாம் நாள். அன்று மத்தியானம்தான் பயந்துபோய் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒருவன் விரிப்பின் மேல் பிடுங்கின பற்களைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவன் வாய்க்குள் குறடை விட்டு அசைத்து அசைத்து ஒரு பல்லை எடுத்தான். பொழுது சாய்வதற்குள் அக்காவுக்கு மூச்சு விட முடியவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அப்போது மணிக்கு ஆறு வயது. கிருஷ்ணவேணிக்குப் பத்தொன்பது.

அடுத்த வருஷம் பெரியவர்கள் கூடிப் பேசி, குழந்தைக்கு ஒரு துணை வேண்டும் என்று அவளை அக்காவின் புருஷன் ஆதிகேசவனுக்கே கட்டி வைத்தார்கள். மணி அவளை அதற்கு முன்னாலும் சித்தி என்றுதான் கூப்பிட்டாள், பின்னாலும் அப்படியே கூப்பிட்டாள்.

அக்கா போய் ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது அறுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை. ஆதிகேசவன் ஊரில் இல்லை. ஆரணியில் பங்காளி வீட்டுக் கருமாதிக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் வருவான்.

வாசலில் கோலப்பொடி டப்பாவோடு பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் எட்டிப் பார்த்தாள். அந்தத் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் வருகிறவள் அவள்தான்.

"இன்னாடி வேணி, கொழந்த எப்படி இருக்குது?"

"எச்சில முழுங்க முடியலயாம்க்கா."

"பழுத்துக்கினு வருதுன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு வேள வுடாம வையி. வெளிய ஒடச்சுக்கினு போயிடும்."

"எங்கக்காவுக்கும் இதத்தான சொன்னீங்க."

காமாட்சியம்மாளின் முகம் சுருங்கியது. "உங்கக்கா ஒத்தடத்துலயா போனா? அவன் கொறடு போட்டு இழுத்தான் பாரு, அதுல போனா. பல்லு ஆட்டம் குடுக்காம புடுங்கினா நரம்பு அந்து மூளைக்கி ஏறிடும். தெரு முழுக்கத் தெரிஞ்ச சமாச்சாரம். இது பால் பல்லுதான? தானா வுழுந்து மொளைக்கப் போவுது. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

கிருஷ்ணவேணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். போன வருஷமே அந்தப் பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. விழப்போகிற பல்தானே என்று விட்டுவிட்டாள். மணிக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்துகொண்டும் இருந்தது. விழுந்ததை ஓட்டுக் கூரையின் மேல் எறிந்துவிட்டு ஓடி வருவாள்.

"பல்லு டாக்டர்கிட்ட இட்டுக்கினு போலாமான்னு பாக்கறேன்."

"இன்னாது?" காமாட்சியம்மாள் டப்பாவைக் கீழே வைத்தாள். "ஆடி வெள்ளிடி இன்னிக்கி. நகங்கூட வெட்ட மாட்டாங்க. நீ பல்லப் புடுங்கப் போறியா? ஆம்பள வேற ஊர்ல இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இதப் பாரு, உன் நல்லதுக்குச் சொல்றேன். ஞாயித்துக்கிழம அவன் வரட்டும். அவன் கொண்டுபோயி எது ஆனாலும் அது விதி. நீ கொண்டுபோயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஊரு வாய மூட முடியுமா? பெத்தவள்னா சேந்து அழுவாங்க. நீ சித்தி."

அவள் பொல்லாத மனசோடு சொல்லவில்லை என்று கிருஷ்ணவேணிக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பது ஐந்தாம் நாள்.

பின்னால் மணி மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. மூக்கில் சளி கட்டினால் கேட்குமே, அதுபோல. அக்காவுக்கும் முதலில் அப்படித்தான் கேட்டது.

கிருஷ்ணவேணி கொடியிலிருந்து புடவையை இழுத்தாள். அவசரத்தில் கொசுவம் இரண்டு தரம் அவிழ்ந்தது. பாயில் கிடந்த துணி முடிச்சை எடுத்து, இன்னும் சூடு இருந்ததால், வழியில் தேவைப்படும் என்று இடுப்பில் செருகிக்கொண்டாள்.

*

தெருமுனையில் கண்ணாயிரம் ஜட்கா வண்டிக் குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார். மணியின் முகத்தைப் பார்த்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"அடிப்பாவி. எத்தினி நாளா வெச்சுக்கினு இருக்கற இத?"

"பல்லு டாக்டர்கிட்ட போவணும்ண்ணே. நீங்க பல்லு கட்டிக்கினீங்களே, அங்க."

"ஏறு, ஏறு."

வண்டி பிள்ளையார்பாளையத்தைத் தாண்டிப் பெரிய காஞ்சிபுரம் கடைத்தெருவை நோக்கிப் போயிற்று. அம்மன் கோயில்களுக்குக் கூழ்ப்பானை தூக்கிக்கொண்டு பெண்கள் எதிரே வந்தார்கள். மஞ்சள் துணியும் வேப்பிலையுமாகத் தெருவே நிறைந்திருந்தது. ஒவ்வொரு முறை வண்டி குலுங்கும்போதும் மணி கிருஷ்ணவேணியின் கையை இறுக்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பாப்பா, இங்க பாரு," என்று கண்ணாயிரம் திரும்பி, வாயிலிருந்த இரண்டு வரிசைப் பல்லையும் நாக்கால் தள்ளி வெளியே காட்டினார். "அத்தினியும் அந்த டாக்டரு புடுங்கிட்டு, புச்சா கட்டினது. நான் செத்தா போயிட்டேன்? இந்தக் குதிரைக்கி மட்டுந்தான் என் சிரிப்பு புடிக்கல. பாத்தா மெரளுது."

மணி அவரைப் பார்த்தாள். பிறகு கிருஷ்ணவேணியின் காதுக்குக் கிட்டே வந்து, அந்தக் கிழங்குக் குரலில் கேட்டாள்:

"அம்மாவ இட்டுக்கினு போன எடத்துக்கா?"

"இல்லடி. இது வேற. இவரு படிச்சவரு."

"நான் வரல சித்தி. எனக்குச் செரியாப் போச்சு."

கிருஷ்ணவேணி அவளை மடியில் இழுத்துக்கொண்டாள். குழந்தையின் உடம்பு கொதித்தது. தன் நெஞ்சு அடிப்பது அவளுக்குக் கேட்டுவிடுமோ என்று அதற்கும் பயந்தாள்.

*

டாக்டர் சனாவுல்லாவின் அறை ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கிராம்புத் தைலம் மணத்தது. அவர் வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, கதவைப் பூட்டச் சாவியோடு நின்றிருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர்.

"அஞ்சு மணிக்கு மேல வாங்க," என்று சொல்லத் தொடங்கியவர், மணியைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

உள்ளே ஜன்னலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. மூலையில், காலால் மிதித்து ஓட்டிப் பல்லைக் குடையும் இயந்திரம். டாக்டர் பற்றவைத்த ஸ்டவ்வின் மேல் ஒரு தகரப் பெட்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. அதற்குள் இரும்புச் சாமான்கள் மோதும் சத்தம் கேட்டது. கிருஷ்ணவேணி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

டாக்டர் மணியை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. ஜன்னல் ஓரமாக நிறுத்தி, தாடைக்கு அடியில் இரண்டு விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். கழுத்துப் பக்கம் தொட்டுப் பார்த்தார். பிறகு கன்னத்தின் தோலை உற்றுப் பார்த்தார்.

"வெளிய சூடு வெச்சீங்களா?"

கிருஷ்ணவேணி இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்து நீட்டினாள். நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று காட்டுகிற மாதிரிதான் நீட்டினாள். "பட்டுக் கழிவுங்க. புதன்கிழமையிலேர்ந்து வுடாம வெச்சுக்கினு இருக்கறேன்."

அவர் அதைக் கையில் வாங்கினார். இத்தனை நேரமாகியும் அது வெதுவெதுப்பாக இருந்ததைக் கவனித்ததுபோல் ஒரு தரம் அழுத்திப் பார்த்தார். மேசை மேல் வைத்தார்.

"அம்மா, பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்குது. வெளியேர்ந்து சூடு வெச்சா அது பல்லு வழியா வராது. சூடு இருக்கற பக்கமா எறங்கும். தாடைக்குக் கீழ, கழுத்துக்கு. அங்க வீங்கினா மூச்சுக் கொழாய அமுக்கும். கொப்புளிக்கறதா இருந்தா வெதுவெதுன்னு உப்புத் தண்ணி, வாய்க்கு உள்ள. வெளிய ஒருக்காலும் சூடு கூடாது."

கிருஷ்ணவேணிக்குக் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது. அவர் உதடு அசைவது தெரிந்தது. மேசையின் மேல் அந்த முடிச்சு இருந்தது. அக்காவுக்கும் அவள்தான் வைத்தாள். மற்றவர்கள் வேலையைப் பார்க்கப் போனபோதும் அவள்தான் நாலு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து, சூடு ஆற ஆற மாற்றி மாற்றி வைத்தாள். நீ ஒருத்திதான்டி எனக்கு, என்று அக்கா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். நன்றாகச் சூடு தாங்கட்டும் என்று கழிவுப் பட்டை இரண்டு பிடியாகத் திணித்து முடிச்சுப் போட்டதும் அவள்தான்.

"அப்படி... கழுத்துக்கு எறங்கிட்டா," என்று கேட்டாள். தன் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. "எறங்கின பின்னால பல்லப் புடுங்கினா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்காச்சும் ஆச்சா?"

"எங்கக்காவுக்கு. இவளோட அம்மா."

"எறங்கின பின்னால புடுங்கினாலும் புடுங்காட்டியும் ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கணும். மொத நாளே பல்லப் பாத்திருந்தா பொழச்சிருக்கலாம்." பிறகு, சொல்லாமல் விடக்கூடாது என்று நினைத்தவர்போல், "சூடு மட்டுமே ஆள கொல்லாதும்மா. காத்துக்கினு இருந்ததுதான்," என்றார்.

சூடு மட்டுமே கொல்லாது என்றால், சூடும் சேர்ந்துதான் என்று அர்த்தம். அவள் அழவில்லை. அதற்கு நேரமில்லை.

"இவளுக்கு எறங்கிடுச்சா?"

"இன்னும் எறங்கல. எறங்க ஆரம்பிக்குது. இன்னிக்கே தொறந்து வுட்டாகணும். இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் தொட்டிருக்க மாட்டேன்." மணியின் முன்கையில் சின்னதாக ஒரு ஊசி போட்டு, மசியால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். "பென்சிலின் ஒத்துக்குதான்னு பாக்கணும். அர மணி நேரம். அப்புறம் பெரிய ஊசி. அப்புறம் அந்தப் பல்ல எடுத்துட்டா சீழ் வெளிய வந்துடும்."

"வுழுந்து மொளைக்கற பல்லுதானங்க?"

"இல்லம்மா. இது ஆறு வயசுல கடைசியில தனியா மொளைக்கற பல்லு. எதுவும் வுழாம மொளைக்கறதால எல்லாரும் பால் பல்லுன்னு வுட்டுடறாங்க. இது போனா திரும்ப வராது. குழி தெரிஞ்சப்பவே வந்திருந்தா அடச்சுக் காப்பாத்தியிருக்கலாம். பாப்பா, வா, வாயத் தொற பாக்கலாம்."

மணி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். கூடவே மாடி ஏறி வந்திருந்த கண்ணாயிரம் பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். "சாமி சத்தியமா வலிக்காது கண்ணு." மணி சுவரோடு ஒட்டிக்கொண்டு, உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். எச்சில் மட்டும் ஓரத்தில் இறங்கியது.

"புடிச்சு ஒக்கார வெக்கலாங்களா?" என்றார் கண்ணாயிரம்.

"கூடாது. தாடை ஏற்கெனவே எறுகியிருக்குது. அதுவா தொறந்தாத்தான் ரெண்டு வெரல் போற எடமாச்சும் கெடைக்கும். பலவந்தம் பண்ணா அதுவும் மூடிக்கும்."

கீழே எங்கேயோ பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

கிருஷ்ணவேணி அந்த நாற்காலியைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவளுக்கும் கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தை. யாரிடமும் சொன்னதில்லை. வலி வந்தால் வலது பக்கமாக மென்றுவிட்டு, கிராம்பு அடக்கிக்கொண்டு படுத்துவிடுவாள். பல்லை எடுத்தால் சாவு என்பது அவளுக்குச் சந்தேகமில்லாத விஷயம். அப்படி இல்லை என்று டாக்டர் இப்போது சொன்னார்தான். ஆனால் கண்ணால் பார்த்தது ஒன்றுதான், அது அக்கா. புத்திக்கு எட்டினது வயிற்றுக்கு எட்டவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. சாவு வருவதாக இருந்தால் முதலில் தனக்கு வரட்டும். தனக்கு வந்துவிட்டால் குழந்தையை இந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள் அல்லவா? வேறு ஏதாவது செய்வார்கள்.

"டாக்டர், எனக்கும் ஒரு பல்லு புடுங்கணும். மொதல்ல எனக்குப் பண்ணுங்க."

"இன்னொரு நாளைக்கிப் பாத்துக்கலாம்மா."

"அர மணி நேரம் காத்துக்கினு இருக்கணும்னு சொன்னீங்களே."

டாக்டர் மணியைப் பார்த்தார். மணி கிருஷ்ணவேணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில சாப்டீங்களா?"

"வெள்ளிக்கிழம விரதம்ங்க."

"கண்ணாயிரம், கீழ போயி சர்க்கரை நெறையப் போட்டு ஒரு டீ வாங்கியாங்க. வெறும் வயித்துல ஊசி போட்டா மயங்கி வுழுந்துடுவாங்க. அதப் பாத்தா பாப்பா இந்த மாடிப்படியே ஏறாது."

டீயைக் குடித்துவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் பாவவில்லை. டாக்டர் அவள் வாயைப் பார்த்து, முன்பல்லின் விளிம்பில் இருந்த சின்னப் பள்ளத்தைக் சின்னக் கண்ணாடி பதித்த கம்பியால் தொட்டார். "நெசவு வீடுதான? நூலக் கடிச்சுக் கடிச்சு வந்த பள்ளம். கத்திரி ஒண்ணு வாங்கி வெச்சுக்கங்கம்மா. இந்த ஊர்ல பாதிப் பேரு பல்லாலதான் நெய்யறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசி ஈறில் இறங்கியது. உதடு தடித்து, பிறகு நாக்குப் பாதி காணாமல் போயிற்று. இப்படித்தான் ஆரம்பிக்குமோ என்று தோன்றியது. மணியின் கையைத் தேடினாள். கை வந்து சேர்ந்தது.

குறடு வாய்க்குள் வந்தது. வலி இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. எலும்புக்குள் ஏதோ முறிகிற சத்தம், மண்டைக்குள் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் அக்கா காலை உதைத்துக்கொண்டது கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காமாட்சித் தாயே, இவளை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டாள். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"ஆச்சு," என்றார் டாக்டர்.

தட்டில் டக்கென்று ஒரு சத்தம். வாயில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார். அவள் மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே போயிற்று. மறுபடி இழுத்தாள். மறுபடியும் போயிற்று.

மணி முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "சித்தி, மூச்சு வுட முடியுதா?"

கிருஷ்ணவேணி தலையை ஆட்டினாள்.

"செத்துட மாட்டியே?"

மாட்டேன் என்று கையை ஆட்டினாள். பஞ்சு இருந்ததால் பேச முடியவில்லை. மணி அவள் நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள், ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "நீ எறங்கு," என்றாள்.

முன்கையில் மசி வட்டத்துக்குள் எதுவும் சிவக்கவில்லை. டாக்டர் பெரிய ஊசியை இடுப்பில் போட்டார். மணி நாற்காலியில் ஏறி, கிருஷ்ணவேணியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தாள். இரண்டு விரல் போகும் இடம்தான். அது போதும் என்றார் டாக்டர்.

பல் வந்ததும் பின்னாலேயே சீழும் ரத்தமுமாகக் கொட்டியது. நாற்றம் அறையை நிறைத்தது. மணியின் தலையைப் பிடித்திருந்த கண்ணாயிரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யப்பா, இத்தினியும் இந்தச் சின்ன வாய்க்குள்ளயா இருந்துச்சு," என்றார். மணி அலறினாள். மூன்று நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது.

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் பயம் போயிடல. ராத்திரி வரைக்கும் பாத்துக்கினே இருங்க. கழுத்து வீங்கினாலோ மூச்சு எரைச்சாலோ என்ன எதிர்பாக்காதீங்க, கண்ணாயிரத்த எழுப்பி நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்குக் காலையில ஊசிக்கு வரணும்." மேசையிலிருந்த துணி முடிச்சை எடுத்து அவளிடம் நீட்டினார். "இது உங்களோடது."

அவள் அதை வாங்கவில்லை.

*

வீட்டில் மணியைத் தறிக்குப் பக்கத்தில் படுக்க வைக்கவில்லை. வாசலுக்கு நேராக, வெளிச்சம் படும் இடத்தில் பாயைப் போட்டாள். காமாட்சியம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போனாள். தெருவில் நாலு பெண்கள் கூடி நின்று குரல் தாழ்த்திப் பேசுவது கேட்டது. கிருஷ்ணவேணி நிமிரவில்லை. மணியின் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அரை மணிக்கும் தாடைக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். கல்போல இருந்தது. பிறகும் கல்போலவே இருந்தது. கற்பனையா நிஜமா என்று தெரியாமல் வீக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதுபோல் ஒரு தரம் தோன்றியது. ஒரு நூலை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்தாள். அடுத்த தரம் அளந்தபோது நூல் முடிச்சு வரைக்கும் சரியாக எட்டியது. அதற்கு அடுத்த தரமும் எட்டியது.

கோயிலில் சாயங்கால மேளம் கேட்டது. அக்கா போன நேரம் அது. கிருஷ்ணவேணி விளக்கு ஏற்ற எழவில்லை. எழுந்தால் திரும்பி வரும்போது என்ன பார்க்க நேரும் என்று பயம்.

இருட்டுகிற சமயம் மணி கண் விழித்தாள். "தாகமா இருக்குது."

ஆறின கஞ்சித் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றினாள். பாதி வாயோரத்தில் வழிந்தது. மீதி வாயில் நின்றது. மணி கண்ணை இறுக்கி மூடினாள். தொண்டை மேலே ஏறி, கீழே இறங்கியது.

"எறங்கிச்சா?"

"எறங்கிச்சு."

"இன்னொரு கரண்டி?"

"ம்."

அளந்த நூலை மறுபடி எடுத்துச் சுற்றினாள். முடிச்சுக்கு இந்தப் பக்கம் ஒரு விரல்கடை நூல் மிச்சம் இருந்தது. அதன் பிறகுதான் எழுந்துபோய் விளக்கை ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த ஆதிகேசவன் வாசலிலேயே நின்றுவிட்டான். "இன்னாடி இது, ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம் வீங்கியிருக்குது?" அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றைத் தவிர. கழிவு நூல் இல்லாமல் தலையணை உறை காலியாகக் கிடந்ததைப் பற்றி அவனும் கேட்கவில்லை.

*

அந்த ஒன்றை அவள் பதினாறு வருஷம் வைத்திருந்தாள்.

மணிக்குக் கல்யாணமாகி, அவளுடைய மகளுக்கு ஏழு வயது நடந்தபோது, கடைவாயில் புதிதாக முளைத்த பல்லில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புத் தெரிந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. மணி அன்றைக்கே பெண்ணை இழுத்துக்கொண்டு டாக்டர் சனாவுல்லாவின் மாடிக்குப் போனாள். கிருஷ்ணவேணியும் கூடப் போனாள். டாக்டருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே வேறு யாரோ இருந்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். பெண் ஜன்னல் வழியாகக் கடைத்தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கிராம்பு வாசனையில் கிருஷ்ணவேணிக்கு வாய் திறந்துகொண்டது.

"மணி, உங்கம்மாவுக்கு நாலு நாளும் ஒத்தடம் வெச்சது நான்தான்டி."

மணி திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் சித்தி."

"யாரு சொன்னா?"

"டாக்டரு உன்கிட்ட சொல்லும்போது நான் ஜன்னலாண்டதான நின்னுக்கினு இருந்தேன். அம்மாவுக்கு நீ வெச்சது எனக்கு ஞாபகம் இருக்குது. உன் கை வெரல்லாம் செவந்து போயிருக்கும்."

கிருஷ்ணவேணி தன் விரல்களைப் பார்த்தாள். "தெரிஞ்சுமா என்னப் பாத்துக்கினே வாயத் தொறந்த?"

"வேற யாரப் பாக்கறது?" என்றாள் மணி. சற்றுக் கழித்து, "நீதான மொதல்ல ஒக்காந்த," என்றாள்.

உள்ளேயிருந்து மிதி இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது. டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார். மணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கிருஷ்ணவேணியும் எழுந்தாள். பெண்ணின் இன்னொரு கையை அவள் பிடித்துக்கொண்டாள்.